அருவி மேல் போட்ட பழி

என் மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது. காரணம் கேட்பவர்களுக்கு எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். சின்ன வயதில் குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்துவிட்டாளாம். சொல்லும்போதே ஒரு உச்சுக்கொட்டலும் சேர்ந்து வரும். அருவி எழுந்து வந்து மறுத்துப் பேசாது என்கிற தைரியம். நான் குற்றாலத்தில் ஒரு நாளும் விழுந்ததில்லை. எண்ணெய் வழிகிற பாறையில் வெறுங்காலோடு ஏறி இறங்கி வளர்ந்தவள் நான். என் பல்லைப் பெயர்த்தது என் பெரியப்பாவின் வலது கை.

இதை எழுத வேண்டாம் என்று வீட்டில் இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். செத்துப்போனவரைப் பற்றி எதற்கு என்றார்கள். செத்தவர்கள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள் என்றால் சுடுகாட்டைவிட உத்தமமான இடம் ஊரில் இருக்காது. நான் எழுதத்தான் போகிறேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குழந்தைகளைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பல்லைப் பார்ப்பேன். தென்காசியில் எங்கள் தெருவில் முழுப் பல்லோடு இருந்த பிள்ளைகளை அந்தக் காலத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவனுக்குக் கிட்டிப்புள் வாயில் பாய்ந்து பாதிப் பல் போனது. எதிர்வீட்டுப் பெண் கொட்டைப்பாக்கைக் கடித்து உடைக்கிறேன் என்று பல்லை உடைத்துக்கொண்டாள். கோயில் வாசலில் எப்போதும் அடிக்கிற காற்றில் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, எதிரே வந்தவன் மண்டையில் வாயை இடித்துக்கொண்டவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். இவையெல்லாம் விளையாட்டில் வந்தவை. யாரும் மறைக்கவில்லை, ஊரே சொல்லிச் சிரித்தது. மறைத்ததெல்லாம் பெரியவர்கள் கையால் போன பற்களைத்தான். வாத்தியார் பிரம்பின் கணு பட்டுப் போன பல், சோறு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்ட பிள்ளைக்கு அகப்பைக் காம்பு பட்டுப் போன பல் எல்லாம் வாசலைத் தாண்டும்போது படியில் விழுந்த பல்லாக மாறிவிடும். குற்றாலம் மூன்று மைலில் இருந்ததால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி. படியை விட அருவி கௌரவமான காரணம்.

எங்கள் வீட்டில் எல்லாம் பெரியப்பாதான். வயல் அவர் பேச்சு, வீடு அவர் பேச்சு, கோயில் மண்டகப்படிக்கு முன்னால் நிற்பது அவர். என் அப்பா அவருக்குத் தம்பி. விடிந்ததும் அச்சன்புதூர் வயலுக்குப் போய்விட்டு இருட்டும்போது வருவார். அண்ணன் எதிரில் அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. என் அம்மாவோ பெரியப்பாவின் எதிரில் நிற்பதே கிடையாது. புருஷனுடைய அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி வரக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அவர் ஏதாவது கேட்டால் அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அதையும் எங்களில் ஒருவரிடம் சொல்வது போலச் சொல்வாள். அவள் குரல் அவர் காதில் நேராக விழுந்ததே இல்லை.

பெரியப்பாவுக்குப் பெரிய கொள்கை ஒன்று இருந்தது. அது தண்ணீர் குடிப்பதில் இருந்தது. செம்பைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடிக்க வேண்டும். வாய் வைத்தால் செம்பு எச்சில், செம்பை வைத்த இடம் எச்சில், அதைத் தொட்ட கையும் எச்சில். பெரியவர்களுக்கு அது சுலபம். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வெண்கலச் செம்பைத் தூக்கவே இரண்டு கையும் வேண்டும். பாதித் தண்ணீர் மூக்கில் ஏறும், மீதி பாவாடையில் கொட்டும். அதனால் யாரும் பார்க்காத நேரத்தில் வாய் வைத்துத்தான் குடிப்போம். அவர் சத்தமில்லாமல் வந்து நிற்பார். செம்பு வாயில் சாய்ந்திருக்கும்போது உள்ளங்கையால் அதன் அடியில் ஒரு தட்டுத் தட்டுவார். விளிம்பு உதட்டில் இடிக்கும். மூச்சில் தண்ணீர் ஏறி நாங்கள் இருமித் தவிப்போம். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் பாடம். ஒரு தட்டுத் தட்டினால் ஆயுசுக்கும் மறக்காது என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார், அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உதட்டின் உள்பக்கம் ஒரு வடு உண்டு. உதட்டுக்குப் பின்னால் பல் இருக்கிறது என்று அந்த வீட்டில் எந்தப் பெரிய மூளைக்கும் தோன்றவில்லை.

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால், ஓர் ஆடி மாசம். எனக்கு ஒன்பது வயது. தம்பி கைக்குழந்தையாக இருந்து நடக்கப் பழகியிருந்தான். வழக்கம் போல வில்வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போய் ஒரு வாரத்துக்கு வீடு பிடித்துத் தங்கினோம். அப்பா வயலைப் பார்த்துக்கொள்ளத் தென்காசியில் இருந்துவிட்டார். காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பினோம். அருவியில் குளித்துவிட்டு வந்தால் பசி வயிற்றில் நெருப்பு மூட்டியது போல இருக்கும், தாகமும் அப்படியே. நான் நேராக உள்ளே ஓடி, பானை மேலிருந்த செம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். செம்பின் அடியில் பெரியப்பாவின் தட்டு விழுந்தது. மற்ற நாட்களைப் போல இல்லை. நான் அவசரத்தில் விளிம்பைப் பல்லுக்கு இடையில் கவ்வியிருந்திருக்கிறேன். வாயெல்லாம் ரத்தம். பல் தரையில் கிடந்தது.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் நான் முதலில் திரும்பிப் பார்த்தது அவளைத்தான்.

பெரியம்மா ஓடி வந்து என் வாயில் துணியை அடைத்தார். பல்லைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பால்பல்தான், ஒன்பது வயசுதானே, நாலு மாசத்தில் முளைத்துவிடும் என்றார். பக்கத்துத் தொழுவத்திலிருந்து சாணி வந்தது. பல்லைச் சாணியில் உருட்டி என் கையில் கொடுத்து, ஓட்டின் மேல் எறியச் சொன்னார்கள். எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். நானும் அழுகையை நிறுத்திக்கொண்டு, குறி பார்த்து, என் கையாலேயே எறிந்தேன். நன்றாக உயரத்தில் போய் விழுந்தது என்று பெரியம்மா மெச்சிக்கொண்டார்.

அந்த இடத்துப் பால்பல் எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே விழுந்துவிட்டது. அதைச் சாணியில் உருட்டிக் கொடுத்தவள் அம்மா. இப்போது போனது இரண்டாவது பல் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள்.

மறுநாள் உதடு வீங்கிக் கண் வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த வீட்டில் சென்னைப் பட்டணத்திலிருந்து ஒரு பல் டாக்டர் குடும்பத்தோடு சாரலுக்கு வந்து தங்கியிருந்தார். அவரிடம் காட்டலாம் என்று பெரியம்மாதான் சொன்னார். கிளம்புவதற்கு முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பாறையிலே வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லணும். வேற பேச்சு வாயிலேருந்து வரப்பிடாது."

டாக்டர் வேட்டியும் துண்டுமாக உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என்னை வெளிச்சத்தில் நிறுத்தி உதட்டைப் புரட்டிப் பார்த்தார். எப்படி ஆனது என்று கேட்டார். பெரியப்பா பாறை என்றார். டாக்டர் என் மூக்கைப் பார்த்தார், முகவாயைப் பார்த்தார், முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். பாறையில் விழுந்த பிள்ளைக்கு அங்கெல்லாம் ஒரு சிராய்ப்புக்கூட இல்லையே என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உதட்டின் உள்ளே பிறை போல வளைந்திருந்த வெட்டை விரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, எப்படி விழுந்தாய் அம்மா என்று கேட்டார்.

நான் பாறை என்று சொன்னேன். பெரியப்பாவின் கை என் தோளில் இருந்தது. இருந்தாலும் சொன்னது என் வாய்தான். அதற்காக என்னை நான் மன்னித்ததில்லை. அந்த டாக்டரையும் மன்னிக்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. சாரலுக்கு வந்த இடத்தில் அடுத்தவன் வீட்டு வம்பு எதற்கு என்று காப்பியை எடுத்துக்கொண்டார்.

விழுந்த பல் எங்கே என்று கேட்டார். கூட வந்திருந்த பெரியம்மா சிரித்துக்கொண்டே எங்கள் ஓட்டுக்கூரையைக் காட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. அது வேரோடு வந்த பல்லா, எவ்வளவு நீளம் இருந்தது என்று விசாரித்தார். பெரியம்மா விரலில் அளவு காட்டினதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பால்பல் விழும்போது வேர் கரைந்து மொட்டையாக விழும், இவ்வளவு நீளமாக இருந்தால் அது நிலைத்த பல், இனி முளைக்காது என்றார். அந்த நிமிஷமே பல்லின் வெளியே தெரிகிற பக்கத்தைப் பிடித்து எடுத்து, வேரைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் அலசி, விழுந்த குழியிலேயே திரும்ப வைத்து, துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டி வந்திருந்தால் பக்கத்துப் பல்லோடு கட்டிவிட்டிருப்பேன், பிடித்துக்கொள்ள வழி இருந்தது என்றார். பல் காய்ந்துவிடக் கூடாது, நேரம் போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஒரு ராத்திரி போய்விட்டது, இனிப் பிரயோசனமில்லை. பிள்ளைகள் குடிக்கும்போது பாத்திரத்தில் யாரும் கை வைக்காதீர்கள் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்லும்போது பெரியப்பாவைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாட்டைக்கூட அப்படி மனப்பாடம் செய்ததில்லை.

பெரியப்பா கற்றுக்கொண்டது வேறு. தான் சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து குற்றாலம் போனால் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, பாறையில் ஓடினால் என்ன ஆகும் என்று கேட்பார். பிறகு என்னை முன்னால் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்லுவார். நான் காட்ட வேண்டும். பிள்ளைகள் பயந்துபோய் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அதே மனுஷர் செம்பின் அடியில் தட்டுவார். ஆபத்து எங்கே இருக்கிறது என்று ஒரு வீடு முழுக்கத் தப்பாகப் படித்தது. அருவியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர்ப் பானை இருந்த மூலைதான் அந்த வீட்டிலேயே அபாயமான இடம்.

பதினாலு வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு நமஸ்காரம் பண்ணு என்று பெரியம்மா சொன்னார். வந்தவர்கள் ஏதோ கேட்க, நான் வேண்டுமென்றே வாயை அகலத் திறந்து பதில் சொன்னேன். பெரியப்பா உடனே அருவிக் கதையை எடுத்துவிட்டார். அவர்கள் திரும்பி வரவில்லை. நல்லதாயிற்று என்றுதான் இருந்தது எனக்கு. ஆனால் அந்தக் கதையை என் எதிரிலேயே, நான் அங்கே இல்லாதது போல, அவ்வளவு சரளமாகச் சொன்னாரே, அது வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

அந்த வருஷங்களில் எனக்கு என் பல்லைப் பற்றிய கவலை போய்விட்டது. கவலையெல்லாம் தம்பியைப் பற்றித்தான். அவனுக்குப் பால்பல் விழுந்து முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. கோணலில்லாத, அகலமான, வெள்ளைப் பல். அவனும் செம்பில் வாய் வைத்துத்தான் குடித்தான். அவன் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனாலே நான் எழுந்து பின்னால் போவேன். அவனுக்கென்று அடுக்களை உள்ளே ஒரு சின்ன டம்ளரை ஒளித்து வைத்திருந்தேன். அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அப்பாவிடமாவது சொல், பெரியப்பாவிடம் பேசச் சொல், அவன் பல்லும் போகத்தான் போகிறது என்று சண்டை போட்டேன். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பதில், பேசாமல் இரு என்பது. அவளை நான் அப்போது பெரியப்பாவைவிட அதிகமாக வெறுத்தேன். அவர் தட்டினது ஒரு நிமிஷம். இவள் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனி மாசம் ஒரு காலை நேரத்தில் அது நடந்தது. யுத்தம் ஆரம்பித்துச் சில காலம் ஆகியிருந்தது. அறுவடை முடிந்துவிட்டதால் அப்பாவும் வீட்டில் இருந்தார், பின்பக்கம் தொழுவத்தில் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு எட்டு. நான் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது தம்பி விளையாடிவிட்டு ஓடி வந்து செம்பை எடுத்ததைப் பார்த்தேன். கூப்பிடுவதற்குள் பெரியப்பாவின் கை எழுந்துவிட்டது. செம்பு உருண்டு வந்து என் காலில் இடித்தது.

பல் முற்றத்துக் கல்லில் கிடந்தது. நீளமாக, வேரோடு. பெரியம்மா வழக்கம் போலச் சாணிக்கு ஓடினார். நான் பல்லை வேரைத் தொடாமல் பிடித்து எடுத்தேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாவைத் தாண்டிப் போய், உள்ளே ஆறவைத்திருந்த சீரகத் தண்ணீரில் ஒரு தடவை அலசினேன். தம்பியைச் சுவரோடு சாய்த்து, முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பக்கத்துப் பல்லைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு, குழியில் வைத்து அழுத்தினேன். அவன் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். பல் உள்ளே இறங்குவது என் விரலுக்குத் தெரிந்தது. துணியை மடித்துக் கடிக்கக் கொடுத்தேன். பெரியம்மா கையில் சாணி உருண்டையோடு பல்லைக் கேட்டுக்கொண்டு நின்றார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன்.

பஜாரில் ஒரு டாக்டர் மருந்துக்கடை வைத்திருந்தார். தம்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அவனை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினேன். பெரியப்பா மேல்துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்துவிட்டார். பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்ற பதற்றம் இல்லை, நான் அங்கே போய் என்ன சொல்லுவேனோ என்ற பதற்றம். அம்மா வரவில்லை. அதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, யார் இதை வைத்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். தான் இந்த மாதிரி வேலை செய்ததே இல்லை என்றார் அவர். பட்டணத்து டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன். காயம் தைக்கிற பட்டு நூலை எடுத்து, ஆட்டம் கொடுத்த பல்லை இரண்டு பக்கத்துப் பல்லோடும் சேர்த்துக் கட்டினார். மூன்று வாரம் கஞ்சிதான், எதையும் கடிக்கக் கூடாது என்று சொன்னார். அந்தப் பல் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் நிறம் மங்கியது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தம்பி இருபது வருஷத்துக்கு மேல் கரும்பு கடித்தான்.

கட்டி முடித்த பிறகு டாக்டர் தம்பியின் கன்னத்தைத் தட்டி, எப்படிப்பா விழுந்தே என்று கேட்டார். பெரியப்பா வாயைத் திறந்தார். அவர் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அருவியிலே, பாறை வழுக்கிட்டுது" என்றான் தம்பி.

அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பல் போனால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறான். வாழ்நாள் முழுக்க என் வாயைப் பார்த்துக் கேட்ட பாடம் அது. பங்குனி வெயிலில் குற்றாலத்தில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, பாறை காய்ந்து வெடித்துக் கிடக்கும். டாக்டர் சிரித்துவிட்டார். நான் ஒன்பது வயதில் சொன்ன பொய் இந்தக் குழந்தையின் வாய்க்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"அருவியும் இல்லை, பாறையும் இல்லை. தண்ணி குடிச்சவன் செம்பைப் பெரியப்பா தட்டுனாவ. என் பல்லும் அவியதான்" என்றேன்.

கடையில் மருந்து வாங்க வந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் அவருடைய சாமர்த்தியம். ரொம்ப நிதானமாக டாக்டரைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போன நாளிலிருந்து புத்தி சரியில்லை என்றார். இரண்டு தடவையும் இவள் அம்மா கூடவே இருந்தாள், வேண்டுமானால் அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அவர் எதிரில் வந்து நிற்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் சாட்சிக்கு அவளையே கூப்பிட்டார்.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை. வெயிலில் வேகமாக நடந்து வந்ததில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. கதவுக்குப் பின்னால் போகவில்லை. படியேறி உள்ளே வந்து, பெரியப்பாவுக்கு நேர் எதிரில், அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"ரெண்டு தடவையும் நான் பாத்தேன். தட்டுனது இவியதான்."

அம்மாவின் முகத்தை அவர் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கிப் போனார். மருந்து வாங்க வந்தவர்கள் வழிவிட்டார்கள். டாக்டர் கை கழுவப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, தம்பி பல் பெயர்ந்த பிறகும் உடனே வராமல், அரைமணி நேரம் கழித்து வந்து சொல்கிறாளே என்று ஆத்திரமாக இருந்தது. தெருவில் இறங்கியதும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று உரக்கத்தான் கேட்டேன்.

"அன்னைக்கு உன் பல்லு போயிட்டுது. சொன்னா வீடும் போயிரும்னு பயந்தேன். அதுக்குப் பொறவு தெனமும் பயந்தேன்" என்றாள் அம்மா.

இன்றைக்கு மட்டும் பெரியப்பா வீட்டில் வைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். வைத்துக்கொள்ள மாட்டார், அவருக்கு முன்னால் போய் நிற்கும் எண்ணமும் தனக்கு இல்லை என்றாள். அப்படியானால் இத்தனை நேரம் எங்கே இருந்தாய் என்று சண்டைக்குப் போனேன். அவள் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை, கால் தரையைத் தொட்டது. எங்கள் தெருப் பக்கம் திரும்பாமல் பாவூர்சத்திரம் ரோட்டுப் பக்கம் நடந்தாள். அங்கேதான் அவள் பிறந்த வீடு இருந்தது.

ரோட்டு முனையில் எங்கள் வண்டி நின்றது. அப்பா மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குள் அம்மா கட்டிய மூட்டைகள் இரண்டும், என் துணிமணி வைத்த தகரப் பெட்டியும் இருந்தன.